திரம்மமும் திரமமும்: கல்யாண் வட்டார இடைக்கால வெள்ளிக்காசை இனங்காணலும் மதிப்பிடலும்

வடகொங்கணத்தில் நிலத்தடியிலிருந்து வெளிப்படும் இடைக்கால வெள்ளிக்காசுகளுள் ஒரு வகை, பார்த்த அளவில் எதையும் சொல்லாத தோற்றம் உடையது. விட்டம் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ.; எடை நான்கு கிராம் அளவு; விட்டத்திற்குப் பொருந்தாத தடிப்பு. ஒரு பக்கத்தில் சில வளைகோடுகளும் புள்ளிகளும் காணப்படும். மறுபக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குறுக்குக் கோடுகள் இருக்கும். மன்னன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, அச்சிட்ட ஊர் இல்லை. நாணயவியலார் இவ்வகையைக் ‘கதையா’ என்பர். அதே நிலப்பகுதியின் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் பணத்தைக் குறிக்க வருவதோ ‘திரம்மம்’ என்னும் சொல். பொருள் ஒருபுறமும் சொல் மறுபுறமுமாகப் பிரிந்து கிடைக்கும் இந்நிலையில், இப்பொருளுக்கு அச்சொல் உரியது என்று துணிவது எங்ஙனம், அத்துணிவு காசின் மதிப்பை எவ்வாறு மாற்றுகிறது என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தேவை உண்டு. முற்காலத்தில் இத்தகைய காசுகள் ஏர் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் தற்செயலாகக் கிடைத்தன. அவை பெரும்பாலும் குவியலாக, ஒரு சிறு பானைக்குள் கிடைத்தன. உலோகங்காட்டும் கருவி வந்தபின் தேடல் என்பது திட்டமிட்ட செயலாயிற்று. இக்கருவி உலோகம் இருக்கும் இடத்தை ஒலியால் காட்டும். அவ்வுலோகம் எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதை அதனால் காட்ட இயலாது. எழுத்தில்லாத ஒரு காசைப் பொறுத்தவரை அதன் பெயரையும் காலத்தையும் சொல்லக்கூடிய சான்று அந்த மண்ணில்தான் இருக்கிறது.

ஊர்ப்பெயர், மன்னன் பெயர்

கல்யாண் தமிழருட் பலர்க்கு ஓர் இருப்புப்பாதைச் சந்திப்பாகவே அறிமுகமானது. மும்பையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1854இல் இவ்வூரை எட்டியது. இங்கிருந்துதான் ஒரு பாதை வடகிழக்கே கசாரா மலைவழிக்கும் மற்றொன்று தென்கிழக்கே புணே நோக்கியும் பிரிகின்றது. ஆனால் உல்லாசு ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய இவ்வூர் துறைமுகமாக இருந்த காலம் மிக நீண்டது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்திரேயக் கடற்பயண நூல்’ இதனைக் ‘கல்லியேன’ எனக் குறிக்கிறது. முன்னர் முறையான வணிகத்துறையாக விளங்கிய இவ்வூருக்குப் பின்னாளில் கிரேக்கக் கலங்கள் வந்தால் அவை காவலோடு பரிகசாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன என்றும் அந்நூல் கூறுகிறது. ஆறாம் நூற்றாண்டில் காசுமாசு என்னும் கிரேக்க வணிகத் துறவி ‘கல்லியானா’ என்று எழுதி, அங்கே பாரசீகத்தில் திருநிலை பெற்ற கிறித்தவ ஆயர் ஒருவர் இருந்தமையைக் குறிக்கிறார். கன்னேரிக் குகைக் கல்வெட்டுகளில் கல்யாண் வணிகரும் கைவினைஞரும் கொடையாளராக வருகின்றனர்.

மொழிபெயர்ப்பாளர் இங்கே ஒரு தடுமாற்றத்திற்கு ஆளாவது இயல்பு. தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் ‘கல்யாணபுரம்’ இவ்வூர் அன்று. முதலாம் இராசாதிராசன் எறிந்ததாகவும், வாயிற்காவலர் சிலையைக் கவர்ந்து வந்ததாகவும் தாராசுரத்துச் சிலையின் கல்வெட்டு சொல்லும் கல்யாணபுரம், மேலைச் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணியே ஆகும். அது இன்று கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் பசவகல்யாண் என வழங்குகிறது. மேலைச் சாளுக்கியரின் காசுகள் பொன்னால் ஆனவை. கொங்கணக் கல்யாணின் காசுகள் வெள்ளி. ஊரை மாற்றிப் படித்தால் உலோகமும் மாறிவிடும்.

மன்னன் பெயரிலும் இத்தகைய இடர் உண்டு. இது முற்றிலும் தமிழ் எழுத்து முறையால் விளைவது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வடகொங்கணத்தை ஆண்டவர் சிலாகாரர். அம்மரபில் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மன்னன் ஒருவனின் செப்பேடு இன்றைய மும்பைப் பெருநகருக்குள் அமைந்த பாண்டூப்பில் கிடைத்தது. அதன் காலம் சகம் 948, அதாவது கி.பி. 1026. அவன் பெயரின் முதலெழுத்து நாகரியில் மூச்சொலியுடைய சகரம்; இரண்டாம் எழுத்து இரட்டித்த தகரம். குசராத்தை 1094 முதல் 1143 வரை ஆண்ட சோலங்கி மன்னன் செயசிம்மனின் விருதுப்பெயரோ வேறு. அதன் முதலெழுத்து உரசொலி, இடையில் வருவது மூச்சொலியுடைய தகரம். தமிழில் இரண்டையும் ‘சித்தராசன்’ என்றே எழுத நேர்கிறது. இருவேறு நாட்டையும் இருவேறு நூற்றாண்டையும் சேர்ந்த இரு மன்னர் ஒரே எழுத்துத் தொடரில் கரைந்துவிடுகின்றனர். இக்கட்டுரையில் சிலாகார மன்னன் ‘ச்சித்தராசன்’ எனக் குறிக்கப்படுகிறான். மெய்ம்முதலாகும் சொல் தமிழ் மரபன்று என்பது உண்மையே; எனினும் இலக்கணப் பிழையைவிட வரலாற்றுப் பிழை பெரிது.

இவ்வேறுபாடு காசுக்கு நேரடியாக உரியது. பெயரற்ற கதையாக் காசுகளுக்கிடையே ச்சித்தராசன் பெயரை நாகரி எழுத்தில் தாங்கிய காசுகளும் கிடைத்துள்ளன. ஆட்சிக்காலம் செப்பேட்டால் அறியப்பட்ட ஒரு மன்னனின் பெயர் ஒரு காசில் படிக்கப்பட்டதால், உருவ அமைப்பில் அதனை ஒத்த பெயரில்லாக் காசுகளையும் 11ஆம் நூற்றாண்டுக் கொங்கணத்தோடு இணைத்துப் பார்க்க இடம் ஏற்பட்டது. தேய்ந்த நான்கைந்து எழுத்துகளின் படிப்பு ஒரு வகை முழுவதற்கும் காலவரம்பு தருகிறது.

முகம் கோடான வரலாறு

கதையாக் காசின் மூலம் பாரசீகத்தில் உள்ளது. சாசானிய மன்னன் பெரோசு 459 முதல் 484 வரை ஆண்டான். ஊணரோடு நிகழ்த்திய போர்களில் தோற்று, மீட்புப் பணமாகப் பெருந்தொகை வெள்ளியைக் கொடுத்தான். அவ்வெள்ளி ஊணர் வழியாக இந்தியாவின் வடமேற்கில் பரவியது. பெரோசின் காசு அகன்று மெல்லியதாய், ஏறத்தாழ 4.1 கிராம் எடையோடு, உயர்ந்த தரமுள்ள வெள்ளியால் ஆனது. முன்பக்கத்தில் சிறகு முடி அணிந்த மன்னனின் பக்கமுகம். பின்பக்கத்தில் தீவேதி, அதன் இருமருங்கும் ஏவலர் இருவர். ஓரங்களில் பகலவி எழுத்து.

இந்தியாவில் இதனைப் பார்த்துச் செதுக்கிய அச்சுத் தச்சருக்குப் பகலவி தெரியாது. அவர்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது மூலக்காசு அன்று, பிரதியின் பிரதி. ஆகவே எழுத்து முதலில் குழம்பிக் கோடாயிற்று, பின் மறைந்தது. முகத்தில் மூக்கு ஒரு வளைகோடு, கண் ஒரு புள்ளி, காதணி மற்றொரு புள்ளி என்றாயின. தீவேதி ஓர் ஏணிபோல் ஆயிற்று, ஏவலர் நெடுங்கோடுகளாயினர். காசு சுருங்கித் தடித்தது. எடை மட்டும் பெரும்பாலும் காக்கப்பட்டது. மொழியியலார்க்கு இது பழகிய நிகழ்ச்சி. ஒரு சொல் பொருள் விளங்காமல் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கப்படும்போது அதன் உட்கூறுகள் தேய்ந்து, மொத்த வடிவம் மட்டும் தன் பணியைத் தொடர்வது போன்றது இது. காசின் பணிக்கு முகம் தேவைப்படவில்லை; ‘இது முன்பு கண்டதைப் போன்றது’ என்னும் நம்பிக்கை போதுமாயிருந்தது.

இதற்கு மேற்கிலும் இணை உண்டு. எட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மெர்சிய மன்னன் ஓபா வெளியிட்ட பொற்காசு ஒன்று அப்பாசிய கலீபா அல்-மன்சூரின் தீனாரைப் பார்த்துச் செய்யப்பட்டது. அரபு எழுத்துகளுக்கிடையே மன்னன் பெயர் இலத்தீனில் தலைகீழாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அரபு எது மேல், எது கீழ் என்று செதுக்கியவர் அறியார். கதையாவை இனங்காண முற்படுவோர் முதலில் செய்யத்தக்கதும் இதுவே. எது மேல், எது கீழ் என்பதை உறுதி செய்தல். கோடுகளின் நடுவே முகத்தைக் காணாதவர் காசைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இல்லாத எழுத்தை அங்கே படித்துவிடக்கூடும்.

‘கதையா’ என்னும் பெயரும் இங்கே ஆராயத்தக்கது. இது காசு வழங்கிய காலத்துப் பெயராகத் தோன்றவில்லை. 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் மக்கள் வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. மக்கள் இதனைக் கழுதையோடு தொடர்புபடுத்தினர். விக்கிரமாதித்தனின் தந்தை கந்தருவசேனன் கழுதையாகச் சபிக்கப்பட்டான் என்னும் கதையும், காலகாசாரியர் பற்றிய சமணக் கதையில் வரும் கர்தபில்லன் என்னும் உச்சயினி மன்னன் பெயரும் இதற்கு அடிப்படை. ஒலியளவில் கர்தபம் என்பதிலிருந்து மூச்சொலித் தகரம் கொண்ட வடிவம் பிறப்பதில் தடையில்லை. தக்காணத்துக் கல்வெட்டுகளில் வழங்கும் ‘கத்தியாணம்’ என்னும் எடைப்பெயரிலிருந்து பிறந்தது எனக் கொண்டால் மூச்சொலி வந்த காரணத்தைத் தனியே விளக்க வேண்டும். ஆயினும் ஒலிவிதி இடங்கொடுக்கிறது என்பதாலேயே கழுதைக் கதை வரலாறாகிவிடாது. கொங்கணத்தில் கொடையை மீறுவோரைச் சபிக்கும் ‘கதேகாள்’ என்னும் கழுதைச் சாபக் கற்கள் சிலாகாரர் காலத்தன உண்டு; அவற்றையும் இக்காசுப் பெயரையும் முடிச்சிடும் ஆசை ஆய்வாளர்க்கு எழலாம். முடிச்சிடச் சான்று இல்லை. தமிழில் இப்பெயரை எழுதினால் வினா இடைச்சொல் ஏற்ற ‘கதையா?’ என்பதுபோல் அமைவது ஒரு தற்செயல். அவ்வினா பொருந்தாததும் அன்று.

மாறாக, ‘திரம்மம்’ சமகாலச் சொல். கன்னேரியில் 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிலாகார மன்னன் இரண்டாம் கபர்தின் காலத்தில், கௌட நாட்டினனாகிய அவிக்னாகரன் என்னும் பௌத்தன் துறவியர்க்கு இருப்பிடம் அமைத்து, நிலைமுதலாக நூறு திரம்மம் வைத்தான் என அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. வங்கத்திலிருந்து வந்த ஒருவன் மேலைக்கடற்கரையில் வைத்த முதலுக்கு அவ்விடத்தில் வழங்கிய நாணயத்தின் பெயரே ஆளப்பட்டுள்ளது. அந்நூற்றாண்டில் அப்பகுதியில் வழங்கிய வெள்ளிக்காசு சாசானியப் போலி வகையே என்பதால், திரம்மம் அவ்வகைக் காசைக் குறித்தது எனப் பெரும்பாலான ஆய்வாளர் கொள்வர்.

இவ்வாறு பொருளும் சொல்லும் உறுதியாகப் பொருந்திய இடம் வடக்கில் உண்டு. பிரதிகார மன்னன் போசனின் காசில் வராக உருவும், ‘ஆதிவராகன்’ என்னும் விருதுப்பெயரும் உள்ளன. அவ்வெழுத்தின் கீழ்த் தீவேதியின் எச்சத்தைக் காணலாம். சியாதோனிக் கல்வெட்டு ‘ஆதிவராக திரம்மம்’ என்று ஒரு நாணயத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. காசிலுள்ள பெயரும் கல்லிலுள்ள பெயரும் ஒன்றாதலின் ஐயத்திற்கு இடமில்லை. சாகமான அரசி சோமலதேவியின் பெயர் பொறித்த கதையா வகைக் காசுகளும் இவ்வாறு மகிழத்தக்க விதிவிலக்குகள். ஏனைய ஆயிரக்கணக்கான காசுகளுக்கு இந்நல்வாய்ப்பு இல்லை.

சொல்லின் பயணம்

கிரேக்கத்தில் ‘திரக்மே’ என்பது ஒரு பிடி அளவைக் குறித்து, வெள்ளி நாணயத்தின் பெயராயிற்று. மேற்சொன்ன கடற்பயண நூல், அப்பொல்லோதோட்டசு, மெனாந்தர் ஆகியோரின் கிரேக்க எழுத்துடைய பழைய திரக்மேக்கள் தன் காலத்திலும் பரிகசாவில் வழங்கின என்கிறது. வடமொழியில் ககர மகர மெய்கள் ஓரினமாகித் ‘திரம்ம’ என்றாயிற்று. இது கிரேக்கத்திலிருந்து நேரே வந்ததா, ஈரானிய மொழிவழி வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாரசீகத்தில் ‘திரம்’, அரபியில் ‘திர்ஹம்’. ஆர்மீனியா 1993இல் வெளியிட்ட நாணயத்தின் பெயரும் ‘திரம்’. பிராகிருதத்தில் ரகரம் நீங்கித் ‘தம்ம’ என நின்று, இந்தி, மராத்தி முதலிய மொழிகளில் ‘தாம்’ ஆயிற்று. இன்று கல்யாண் கடைவீதியில் ஒரு பொருளின் ‘தாம்’ என்ன என்று கேட்பது அதன் விலையைக் கேட்பதாகும். காசின் பெயர் மதிப்பின் பெயராகிவிட்டது. திரம்மத்தை மதிப்பிட முயல்வோர் அறியாமலே அதன் பெயராலேயே அதன் விலையைக் கேட்கின்றனர்.

தமிழில் இச்சொல் இருமுறை நுழைந்துள்ளது. பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் வழங்கும் ‘திரமம்’ முதல் வரவு. மொழிமுதல் மெய்ம்மயக்கம் இகரத்தால் பிரிக்கப்பட்டது. இடையில் இரட்டித்த மகரம் ஒற்றையாயிற்று. தமிழ்ப் பேரகராதியும் இதனை நாணய வகையாகவே பதிவு செய்கிறது. இரண்டாம் வரவு, ஐக்கிய அரபு நாடுகள் 1973இல் திர்ஹத்தை நாணயமாக்கியபின், அங்கே உழைக்கச் சென்ற தமிழரால் வந்த ‘திர்ஹம்’. ஒரே சொல்லின் இரு வடிவங்கள் தம் உறவை அறியாமல் ஒரே மொழியில் வாழ்வது ஆராய்ச்சிக்குரிய செய்தி. ஆயினும் பாண்டிநாட்டுத் திரமமும் கொங்கணத் திரம்மமும் ஒரே உலோகம், ஒரே எடை உடையன எனச் சொல் ஒற்றுமையால் முடிவுகட்டுதல் தவறு. சொல் பயணம் செய்தது. காசு உடன் வந்தது என்பதற்கு அது சான்றாகாது. நாணயப் பெயர்கள் எல்லாவற்றிலும் இப்பண்பு மிகுதி: தீனாரம் பொன்னிலிருந்து செம்புவரை இறங்கியதுண்டு, வெள்ளிக் கதையாவை மக்கள் ‘பைசா’ என்று சேர்த்து வழங்கியதும், பிற்காலக் கலப்புக் காசுகளில் செம்பு மிகுந்தமையோடு ஒத்துவருகிறது.

மதிப்பிடும் கண்

காசைத் தரம் பார்த்தல் தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. சங்கப் புலவர் பெயர்களில் வரும் ‘வண்ணக்கன்’ நாணயப் பரிசோதகனைக் குறிக்கும் என்பர். வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் முதலியோர் பெயர்கள் அத்தொழிலின் தொன்மையைக் காட்டும். பிற்காலத்தில் இத்தொழில் ‘நோட்டம்’ எனவும், தொழில் செய்வார் ‘நோட்டக்காரர்’ எனவும் வழங்கினர். அரபு மூலத்திலிருந்து வந்த ‘சராப்பு’ம் உடன் நின்றது. ‘நாணயம்’ என்னும் வடமொழி வழிச்சொல் தமிழில் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பதற்கு, தரம் பார்க்கப்பட்ட காசே காசு என்னும் வணிக வாழ்க்கை காரணமாகலாம்.

இடைக்கால மேலை இந்தியாவில் இந்நோட்டம் எழுத்திலேயே இடம்பெற்றது. ‘லேகபத்ததி’ என்னும் குசராத்துப் பத்திர மாதிரித் தொகுப்பில் கடன் பத்திரங்கள் திரம்மத்தை வெறும் பெயரால் குறிப்பதில்லை. சிரீமால நகரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டது, மும்முறை சோதிக்கப்பட்டது, கடைவீதியில் செல்லுபடியாவது என்ற அடைமொழிகளோடு குறிக்கின்றன. பல அடைமொழிகள் தேவைப்பட்டமையே பலதரக் காசுகள் உலவியமைக்குச் சான்று. தில்லி அக்கசாலையில் பணிபுரிந்த சமணர் தக்குர பேரு 1318இல் இயற்றிய ‘திரவிய பரீட்சை’ இன்னும் ஒரு படி மேலே சென்று, பல அரசர்களின் காசுகளைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றிலும் எத்துணை வெள்ளி உள்ளது, அது எவ்வளவு பெறும் என்று அபப்பிரஞ்சம் கலந்த மொழியில் கணக்கிடுகிறது. காசு மாற்றுவோரின் பேச்சுக்கு நெருங்கிய மொழி அது. மொழியியலார் இதனைப் பொருளாதார வரலாற்றாருக்கு மட்டும் விட்டுவிடலாகாது.

தக்குர பேருவுக்கு மதிப்பு ஒன்றே: உள்ளே இருக்கும் வெள்ளி. இன்றைய மதிப்பீட்டாளர்க்கு அது முதற்படி, அதுவும் எளிதன்று. நீண்டநாள் மண்ணில் கிடந்த கலப்பு வெள்ளியின் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்து நீங்கிவிடும். ஆகவே உரைகல்லும், மேற்பரப்பை மட்டும் அளக்கும் எக்சு-கதிர்க் கருவியும் உள்ளதைவிட மிகுதியான வெள்ளியைக் காட்டும். நீரில் அமிழ்த்தி ஒப்படர்த்தி காணும் பழைய முறை காசுக்கு ஊறு செய்யாமல் முழு உடலையும் அளக்கிறது. ஆயினும் உட்புழையோ கசிவுப் படிவோ இருந்தால் அதுவும் ஏமாற்றும். கண்டெடுத்தவர் வீட்டுப் பித்தளைக்குச் செய்வதுபோலப் புளியிட்டுத் துலக்கிவிட்டால் தேய்ந்த எழுத்தின் கடைசி மேடும் போய்விடும். அதன்பின் எடை மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது, சந்தை மதிப்பு. கதையா குவியல் குவியலாகக் கிடைப்பதால் பெயரில்லாத காசுக்குச் சேகரிப்போரிடம் பெருவிலை இல்லை. மன்னன் பெயர் தெளிவாக உள்ள காசு பன்மடங்கு பெறும். இவ்வேறுபாட்டைப் பயன்படுத்திப் போலி எழுத்துகள் வெட்டப்படுவதும் உண்டு. எழுத்தின் வடிவம் உரிய நூற்றாண்டின் நாகரியோடு ஒத்துள்ளதா எனப் பார்க்க எழுத்தியல் அறிவு இங்கே வேண்டப்படுகிறது.

மூன்றாவது, சான்று மதிப்பு. இது காசிற்குள் இல்லை; காசுக்கும் இடத்திற்கும் உள்ள உறவில் இருக்கிறது. அம்பர்நாத் சிவன் கோயிலில் சகம் 982 (கி.பி. 1060) குறித்த கல்வெட்டு உள்ளது. அத்தகைய காலம் அறிந்த கட்டடத்தின் அடித்தள அடுக்கு ஒன்றில் பெயரற்ற கதையா ஒன்று கிடைக்குமானால், அதற்கு விலைப்பட்டியலில் இல்லாத மதிப்பு உண்டாகும். அதே காசு கருவியின் ஒலியைத் தொடர்ந்து கிள்ளி எடுக்கப்பட்டு, எங்கே எடுத்தது என்று சொல்லப்படாமல் கைமாறினால், ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ச்சித்தராசன் காசு ஒரு குவியலில் பெயரற்ற காசுகளோடு சேர்ந்து கிடந்தால் அவற்றிற்கும் காலம் தரும். குவியலைப் பிரித்துப் பெயருள்ளதை ஒருவரிடமும் பெயரற்றதை வெள்ளித் தட்டாரிடமும் விற்றால், இரண்டும் ஊமையாகும்.

சட்டத்தின் சொற்கள்

இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டினது. மண்ணில் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எப்பொருளையும் அது ‘புதையல்’ என்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் அறிவித்து, பொருளை ஒப்படைக்க வேண்டும் அல்லது அதற்குப் பிணை தர வேண்டும். அறிவிக்கத் தவறினால் அவர் பங்கு அரசைச் சேரும்; ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். உரியவர் இல்லை என முடிவானால், நிலத்துக்கு உரியவரோடு வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டவர்க்கு முக்காற்பங்கும் நிலத்துக்கு உரியவர்க்குக் காற்பங்கும் சேரும். அரசே பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தருவது போதும்.

இச்சட்டத்தில் இரு சொற்கள் நின்று நோக்கத்தக்கன. முதலாவது ‘பத்து ரூபாய்’. 1878இல் ஒரு ரூபாய் என்பது 11.66 கிராம் எடையும் அதில் ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளியும் கொண்ட காசு. பத்து ரூபாய் என்றால் 107 கிராம் வெள்ளி. பெரோசின் காசு அளவில் 26 காசுகள். சட்டமியற்றியோர் ஒரு சிறு குவியலைத்தான் வரம்பாகக் கொண்டனர். தனிக்காசு அதற்குள் அடங்காது. இன்று பத்து ரூபாய்க்கு ஒரு கிராம் வெள்ளியும் கிடையாது. ஆகவே தனிக் கதையா ஒன்றும் வரம்பைத் தாண்டுகிறது. சட்டத்தின் எழுத்து ஒன்றும் மாறவில்லை. சொல்லின் பொருள் மாறியதால் சட்டம் மாறிவிட்டது. ‘ரூபாய்’ என்பதன் மூலமான ‘ரூப்ய’ என்பதற்கே, உரு அச்சிடப்பட்டது என்னும் பொருளைப் பாணினி (5.2.120) விதிக்கிறார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. அச்சிட்ட வெள்ளியின் பெயர், வெள்ளியே இல்லாத தாளுக்கு நிலைத்துவிட்டது.

இரண்டாவது, ‘உலோக மதிப்பு’. அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தாலும், பெயர் பொறித்த அரிய காசும் பெயரற்ற காசும் ஒரே எடையாயின் ஒரே தொகையே பெறும். தக்குர பேருவின் கண் சட்டத்தில் இன்னும் விழித்திருக்கிறது எனலாம். நேர்மையாக அறிவிப்பவர் இழப்பதும் மறைத்து விற்பவர் பெறுவதும் இவ்விதியின் விளைவு. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இதற்கு மாறானது. அங்கே புதையல் எனத் தீர்ப்பானதை அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை மதிப்பே வெகுமதியாகத் தரப்படும். 2007இல் யார்க்சயரில் கருவியால் கண்டெடுக்கப்பட்ட வைக்கிங் காலக் குவியலில் 617 காசுகள் இருந்தன. சமர்க்கந்தில் அடிக்கப்பட்ட திர்ஹம் ஒன்றும் அவற்றுள் அடங்கும். கண்டவர் பிரிக்காமல் ஒப்படைத்த அக்குவியல் பத்து இலட்சம் பவுனுக்கு மேல் மதிப்பிடப்பட்டு, 2009இல் பொதுச் சொத்தாயிற்று. எனினும் அந்நாட்டுச் சட்டத்திலும் தனியாகக் கிடைத்த காசு பொதுவாகப் புதையலாகாது. அவற்றைப் பதிவு செய்ய 1997இல் தொடங்கிய விருப்பப் பதிவுத் திட்டமே துணை. இந்தியாவில் நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளும் ஆகும். தனியார் அதனை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல இயலாது.

‘புதையல்’ என்னும் ஒரே சொல்லால் இச்சட்டத்தைத் தமிழாக்குவதில் ஒரு குறை உண்டு. இடைக்காலக் கொடை ஆவணங்களில் நிலத்தோடு வழங்கப்படும் எட்டு உரிமைகளை எண்ணும்போது ‘நிதி’, ‘நிட்சேபம்’ என இரண்டு தனித்தனியே வரும். நிதி என்பது உரியவர் அறியப்படாத புதைபொருள் என்றும், நிட்சேபம் என்பது ஒருவர் அறிந்து வைத்த வைப்பு என்றும் பொருள் கொள்வதுண்டு. 1878ஆம் ஆண்டுச் சட்டமும் நூறாண்டுக்குள் ஒருவரால் மறைக்கப்பட்டதையும் அதற்கு முற்பட்டதையும் பிரித்தே விசாரிக்கிறது. தமிழ் ஆவண வழக்கில் ஆயத்தமாயிருந்த இணைச்சொற்கள் சட்டத் தமிழில் இடம்பெறாமற் போயின.

இதே இழப்பு கல்வெட்டு மொழிபெயர்ப்பிலும் நேர்கிறது. திரம்மம் என்று உள்ள இடத்தில் ‘பணம்’ என்றோ ‘பொற்காசு’ என்றோ எழுதுவோர் உளர். ‘ரூபாய்’ என்று எழுதுவோரும் உளர். ‘பணம்’ தமிழகத்தில் ஒரு குறிப்பிட்ட சிறு பொன் நாணயத்தின் பெயராகவும் இருந்தது. ‘காசு’ சோழர் ஆவணங்களில் தனிப்பொருள் உடையது. ஒரு நாணயப் பெயரை மற்றொரு நாணயப் பெயரால் பெயர்ப்பது பொருளைத் தருவதன்று. காசை அது கிடந்த அடுக்கிலிருந்து பிடுங்குவதே. கன்னேரிக் கொடையைத் தமிழில் ‘நூறு திரம்மம்’ என்றே விட்டால், அது திட்டமான எடையில் ஏறத்தாழ 400 கிராம் வெள்ளிக்காசு என்று கணக்கிடலாம்; கல்யாணிலோ தானேயிலோ பிரிக்கப்படாத ஒரு பானைக் காசு கிடைக்குங்கால், துறவியர்க்கு வைத்த அம்முதல் எத்துணைப் பெரிது என்று எடைபோட்டுப் பார்க்கலாம். ‘நூறு ரூபாய்’ என்று எழுதிய மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அவ்வாறு எடைபோட வழியில்லை.